நஸீர் ஹாஜியாருக்கு ஆர்வம் வந்த கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ரெண்டு பஸ் மாறி கண்டிப் பக்கம் திகனக்குப் போகணும், ஒரு வயசாளிக்கிட்ட கேள்வி கேக்கணும், பதிலை எழுதிட்டு வரணும்.

நான் வேலை செய்றது ஒரு ஆராய்ச்சியில. வயசானவங்களுக்கு மனச்சோர்வு இருக்கா, இல்ல எதிலயும் பிடிப்பில்லாமப் போயிட்டாங்களான்னு அளந்து பார்க்கிற வேலை. ரெண்டும் ஒன்னு இல்லையாம். சோர்வு இருக்கிறவர் கவலைப்படுவார். பிடிப்பு விட்டுப் போனவர் அதுக்கும் மெனக்கெட மாட்டார்.

எங்க கேள்வித்தாள் ஒழுங்கா அளக்குதான்னு பார்க்க, ஒரே ஆளை ரெண்டு வாரம் விட்டு ரெண்டு தரம் கேக்கணும். ஆள் மாறாட்டி பதிலுக்குப் போடுற புள்ளியும் மாறக்கூடாது. நான் போன ரெண்டு பேருக்கு ஏற்கனவே தாறுமாறா மாறி இருந்திச்சு.

ஆராய்ச்சியை நடத்துற மேடம் கூப்பிட்டு, "இந்த ஆளுக்கும் மாறினா உங்களை ஆபீஸ்லயே வச்சுக்கிறேன் தம்பி. டைப் பண்ற வேலை குவிஞ்சு கிடக்கு"ன்னு சொன்னாங்க.

அந்த ஆபீஸ்ல ஜன்னல் கிடையாது. மேடம் மட்டும்தான் இருப்பாங்க. அதனால இந்தத் தடவை உயிரே போனாலும் புள்ளி மாறக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

நஸீர் ஹாஜியார் ஒரு காலத்துல திகனயில பெரிய ஹாட்வெயார் கடை வச்சிருந்தவர். மனைவி மவுத்தாகி தனி ஆளானதோட கடையை மூடிட்டார். நான் போனப்போ முன் ரூம்ல கதிரையில உக்காந்து டிவியைப் பார்த்துக்கிட்டு இருந்தார். டிவி ஓடல.

"போட்டுப் பாக்கலாமே ஹாஜியார்?"

"ரிமோட் அங்கால ஈக்கி."

ரிமோட் அவர் முழங்கைக்குப் பக்கத்துல இருந்திச்சு.

கேள்வியை ஆரம்பிச்சேன். "கவலையா ஈக்கிறீங்களா?"

"இல்ல மகன். கவலப்படவும் அலுப்பு."

"புது விஷயம் ஏதாவது செய்ய ஆசை?"

"தேவல்ல."

"நாளைக்கு என்ன செய்ற யோசன?"

"நாளைக்கும் வருமே. வந்தாப் பாப்போம்."

புள்ளி அடிமட்டம். மனசுக்குள்ள எனக்கு ஒரே சந்தோஷம். இந்த மனுஷன் ரெண்டு வாரத்துல மாற மாட்டார். என் பஸ் ஜன்னல் தப்பிச்சிடும்.

அத்தோட நான் திரும்பி வந்திருக்கணும். ஆனா எதையும் கொஞ்சம் கூடுதலாச் செஞ்சாத்தான் எனக்குத் திருப்தி.

அவரை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயும் கேக்கணும்னு தாள்ல இருந்திச்சு. மகள் கட்டார்ல. போன்ல கோல் எடுத்தேன், பதில் இல்ல. சரி, அக்கம் பக்கத்துல கேட்டா இன்னும் விலாவாரியா கிடைக்குமேன்னு எதிர்த்த பலசரக்குக் கடைக்குப் போனேன். கையில நீளமான கறுப்புக் குடை, கக்கத்துல தோல் பேக். கண்டி மழைக்கு எடுத்துட்டுப் போனதுதான். ஆனா இந்தக் கோலத்துல எங்க பக்கத்துல யார் நடமாடுவாங்கன்னு எனக்கு அப்போ மண்டையில உறைக்கல.

கடைக்கார ரவூஃப் நானா மேலயும் கீழயும் பார்த்தார். "என்த விஷயம்?"

வெளியாட்கள்கிட்ட விஷயத்தைச் சொல்லக்கூடாதுன்னு மேடத்தோட கண்டிப்பான உத்தரவு. அதனால குரலைத் தாழ்த்தி, "நஸீர் ஹாஜியாரப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும். என்னத்துக்குன்னு இப்ப செல்ல ஏலா. நல்ல விஷயம்தான்"னு சொன்னேன்.

ரவூஃப் நானா உடனே கல்லாவை விட்டு எழும்பி எனக்கு ஸ்டூல் போட்டார். பால் போடாத பிளேன்டி வந்திச்சு.

"அவர் தானா எழும்பி வேல செய்வாரா?"

"சுபஹுத் தொழுகைக்கு முந்தியே எழும்புவாரு. மனுஷன் தங்கம்."

"ஆட்களோட பழக விருப்பமா?"

"மிச்சம் விருப்பம், ஆளக் கண்டா விடமாட்டாரு. சீனி வியாதி இல்ல. பிரஷர் கொஞ்சம் ஈக்கி, அதுக்கும் மாத்திர போடுற. வீடும் அவர்ட பேர்லதான்."

வீட்டைப் பத்தி நான் கேக்கவே இல்ல. என்ன ஒத்துழைப்புன்னு பூரிச்சுப்போய் அதையும் எழுதிக்கிட்டேன்.

பக்கத்து வீட்டு மாமி கதவைக் கொஞ்சமாத் திறந்து, கேக்காமலே சொன்னாங்க. "குறட்ட விடுவாரு. எங்கட வீட்டுக்கே கேக்கும். இப்பவே செல்லிட்டேன், பொறகு மறச்சதுன்னு செல்லப்படாது."

அதை 'தூக்கம்'கிற இடத்துல எழுதினேன்.

ரெண்டு வாரம் கழிச்சுப் போறேன், கேட்டுக்குப் புதுப் பெயின்ட். உள்ள டிவி அலறுது. ஹாஜியார் தாடிக்கு மருதோன்றி போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில அத்தர் மணக்க நிக்கிறார். மேசையில விருந்தாளிக்கு வைக்கிற இனிப்பு, வட்டிலப்பம். பக்கத்துக் கதிரையில ரவூஃப் நானா, அவரும் இஸ்திரி போட்ட சட்டையோட.

"வாங்க மகன், வாங்க. இரிங்க. எந்த ஊரு?"

"கட்டுகஸ்தோட்ட."

"நல்ல ஊரு. வயசு?"

"முப்பத்தாறு."

ஹாஜியார் கனைச்சார். ரவூஃப் நானாவைப் பார்த்தார். "அது கொஞ்சம் கொறவு. அம்பது அம்பத்தஞ்சு போல ஈந்தா எனக்கும் லேசு. பொம்புளட படம் கொண்டு வந்தீங்களா?"

வட்டிலப்பக் கரண்டியைத் தட்டுலயே வச்சேன். குடை, பேக், ரகசிய விசாரிப்பு. இந்த ரோடு முழுக்க என்னைக் கலியாணத் தரகர்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கு.

இப்போ என் நிலைமையைப் பாருங்க. உண்மையை முதல்ல சொன்னா மனுஷன் சோர்ந்து விழுந்திடுவார், புள்ளி பழையபடி அடிமட்டத்துக்குப் போயிடும், என் வேலை தப்பிச்சிடும். சொல்லாமக் கேட்டா புள்ளி கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகும், நான் ஆபீஸுக்குள்ள.

அவர் முகத்தைப் பார்த்தேன். தாடியில மருதோன்றி ஒரு பக்கம் தூக்கலா இருந்திச்சு. உண்மையை முதல்ல சொல்ல மனசு வரல. தாளைத்தான் எடுத்தேன்.

"புது விஷயம் ஏதாவது செய்ய ஆச ஈக்கா?"

"அதுக்குத்தானே மகன் உங்களப் பாத்துக்கொண்டு ஈக்கிற."

"நாளைக்கு என்ன செய்ற யோசன?"

"காலையில நடக்கப் போகணும். பொறகு கண்டிக்குப் போய் ஒரு சட்டத் துணி எடுக்கணும். ரூமுக்கும் பெயின்ட் அடிக்கணும். உங்கட பக்கத்துக்கு என்ன கலர் புடிக்கும்?"

முழுப் புள்ளி. கொடுக்க இன்னும் இருந்திருந்தா அதையும் வாங்கியிருப்பார்.

தாளை மூடிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். ஆராய்ச்சி, பிடிப்பு, மேடம், மழை, குடை. ரவூஃப் நானா மேல ஃபேனைப் பார்த்தார். ஹாஜியார் டிவியை நிப்பாட்டினார். எனக்கு அந்த இடத்துலயே பூமி பிளந்தா நல்லா இருக்கும்னு இருந்திச்சு.

"அப்ப பொம்புள இல்ல," அப்படின்னார்.

"இல்ல ஹாஜியார். மன்னிச்சுக்கங்க."

வட்டிலப்பத் தட்டை என் முன்னால இருந்து தன் பக்கம் இழுத்தார். ஒரு கரண்டி சாப்பிட்டார். யோசிச்சார்.

"பரவால்ல. நீங்க விசாரிச்சிட்டுப் போன கதயக் கேட்டு, மெய்யாவே ரெண்டு எடத்தால ஆள் அனுப்பீக்கிறாங்க."

"மூணு," அப்படின்னார் ரவூஃப் நானா. "எங்கட மாமிட மகளும் ஈக்கிறா."

"அதான் நீ காலையிலேருந்து இங்க இரிக்கிற. பொறகு பேசுவோம்." ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "உங்கட எடத்தையும் பாத்திட்டு முடிவெடுப்போம்னு ஈந்த. ஒன்டு கொறஞ்சதும் நல்லம்தான். தல சுத்துது மகன்."

அப்புறம் தட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்.

பஸ்ல உக்காந்து ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். யார் பார்த்தாலும் வேற வேற ஆள்னுதான் சொல்வாங்க. நாளையிலேருந்து எனக்கு ஜன்னல் இல்ல. ஆனா சிரிப்பு வந்துக்கிட்டே இருந்திச்சு, பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உக்காந்தார்.

ரெண்டாவது தாளோட கடைசிக் கேள்வியை நிரப்பாம விட்டிருந்தேன். 'முதல் சந்திப்பிற்குப் பின்னர் இவரது வாழ்வில் குறிப்பிடத்தக்க சம்பவம் ஏதும் நிகழ்ந்ததா? ஆம் எனில், யாது?'

'ஆம்'னு போட்டு, பக்கத்துல எழுதினேன்: "நான்."