கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

"கடைசி வரிசைக்கு என் குரல் கேக்கவே மாட்டேங்குது. அரை மணி நேரத்துல சரி பண்ணு. உன் நிரந்தர வேலைக்கு நானே சிபாரிசு பண்றேன்" என்றார் மேனேஜர். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் பிரசங்கி.

இரண்டு வருடமாகத் தற்காலிகத்திலேயே வெந்துகொண்டிருந்த டெக்னீஷியன் மைக் பெட்டியைத் திறந்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் எப்போதோ உடைந்துபோயிருந்தது. உள்ளே ஆப்-ஆம்ப் என்கிற எட்டுக்கால் சில்லு. ஒலியைப் பெருக்குவது அதன் வேலை; எத்தனை மடங்கு என்று தீர்மானிப்பது கூட இருக்கும் ரெசிஸ்டர்கள். வெளியே போவதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிடும் ரெசிஸ்டர் பெரிதானால் சத்தமும் பெரிதாகும். எந்தப் புண்ணியவானோ அங்கே சின்னதாக ஒன்றைப் போட்டிருந்தான்.

"இவனெல்லாம் டெக்னீஷியனாம்!" என்று சிரித்தபடி பத்து மடங்கு பெரியதைப் பற்றவைத்தான். ரெசிஸ்டரின் அளவைச் சொல்வது அதன் மேலுள்ள வண்ணப் பட்டைதான். அவசரத்தில், மஞ்சள் பட்டை என்று அவன் எடுத்தது பச்சைப் பட்டை. அது நூறு மடங்கு.

கூட்டம் தொடங்கியது. முதல் வரிசையில் முதலாளி வழக்கம்போலக் கண்ணை மூடிச் சாய்ந்தார். பிரசங்கி தொண்டையைச் செருமினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"குறைடா, தடியா!" என்று அவர் பல்லைக் கடித்தது வாசல் கேட் வரை கேட்டது.

டெக்னீஷியன் மேடைக்குப் பின்னால் ஓடிப் பெட்டியை அணைத்தான். அதே அளவில் இன்னொன்றைப் பக்கத்தில் இணையாக வைத்தால் பாதியாகக் குறையும். பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் பாழாய்ப்போன பதற்றத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியதை வாலில் கோத்துவிட்டான். பெட்டியை மறுபடி போட்டதும் சத்தம் இரண்டு மடங்கானது.

இப்போது பிரசங்கியின் வயிறு உறுமுவதுகூடக் கேட்டது. அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து நாற்காலியிடம் கிசுகிசுத்தார்.

"கிழம் தூங்கிருச்சான்னு பாருய்யா."

மண்டபமே கேட்டது. கிழமும் கேட்டது. முதலாளி திடுக்கிட்டு எழுந்தார்.

"மைக் பெட்டியில கை வச்சது யாரு?"

பிரசங்கியின் விரல் டெக்னீஷியனைக் காட்டியது. முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

காலி மண்டபத்தைக் கூட்ட வந்த அக்காவிடம் அவன் தலையில் அடித்துக்கொண்டான். "எல்லாம் போச்சுக்கா! எனக்கு முன்னாடி இருந்தவன் அந்தச் சின்ன ரெசிஸ்டரைப் போட்டுத் தொலைச்சதால வந்த வினை. முட்டாப்பய!"

"அட போங்க தம்பி! மீட்டிங்ல நிம்மதியாத் தூங்கணும்னு முதலாளி சொல்லித்தான் அவரு அதைப் போட்டாரு. மறுநாளே வேலையை நிரந்தரம் பண்ணிட்டாங்க."