செல்லையாவுக்கு முழுப்பேர்

கொரோனாவுக்கு ரோட்டையெல்லாம் பூட்டினார்களே, அதற்கு முந்தின வாரம். நாங்கள் குடியிருக்கிற லயத்தில் கறுப்புப் பசு இரட்டைக் கன்று போட்டது அப்போதுதான், அதனால் மறக்காது. அந்தப் பசுவுக்கே ஒரு கதை உண்டு, அது கிடக்கட்டும். அந்த வாரம்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாட்டுக் கோஷ்டி ஆல்பம் பதிய நமுனுகுலவிலிருந்து பதுளைக்குப் போனது.

பெரட்டு அண்ணனைப் போல ட்ரம் அடிக்கிற ஆள் ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடையாது. அவரைப் போல ட்ரம் அடிக்கத் தொடங்காத ஆளும் கிடையாது.

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. முழுநாள் வேலைக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். முப்பது வருஷம் கங்காணியாகப் பேர் கூப்பிட்ட அண்ணன், வேலையை விட்ட பிறகும் அதை விடவில்லை. எங்கள் பேரெல்லாம் எழுதிய ஒரு கொப்பியோடு வந்து கோஷ்டிக்குப் பெரட்டு எடுப்பார். எல்லாரும் "இருக்கேன்" சொன்னால்தான் குச்சியைத் தொடுவார்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பிந்தி வந்தார். அண்ணன் மைக்கைப் பிடித்து, "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு அரைப்பேர்!" என்றார்.

பெண்ணின் அப்பா கும்பிட்டார். "சரிங்க கங்காணி, தாலியையாவது முழுசாக் கட்ட விடுங்க."

ஆல்பத்துக்கு ஆறு பாட்டு. ரிஸ்வி நானாவின் ஸ்டூடியோ கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தது. ஐந்து முடிந்தது. ஆறாவதுக்குச் செல்லையாவின் புல்லாங்குழல் மட்டும் பதிந்ததும் பொழுது போய்விட்டது. அடுத்த வாரம் வருகிறோம் என்றோம். அடுத்த வாரம் எல்லாம் பூட்டு.

அண்ணன் அடங்கினாரா? ஞாயிற்றுக்கிழமைதோறும் லயத்துக்கு மேலே மேட்டில் ஏறி நின்று கத்தினார்.

"மல்லிகா!"

"இருக்கேங்கையா!" மல்லிகா எங்கள் பாட்டுக்காரி.

"முருகேசு!"

"இருக்கேண்ணே!" அது நான், ஆர்மோனியம்.

"செல்லையா!"

"இருமலோட இருக்கேன்யா!"

ஒரு ஞாயிறு செல்லையா குடியிருந்த காம்பராவிலிருந்து சத்தம் வரவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன செல்லையா திரும்பி வரவில்லை.

ரோட்டைத் திறந்தார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலமும் போனது. நாங்கள் கூடும்போதெல்லாம் அண்ணன் செல்லையாவைக் கூப்பிடுவார், காத்திருப்பார், கொப்பியை மூடுவார்.

"பெரட்டு முடியல. வீட்டுக்குப் போங்க."

"அண்ணே, அந்தப் பேர வெட்டிருங்கண்ணே," என்றேன் ஒரு நாள்.

"பேர வெட்ட நீ என்ன தோட்டத்துத் தொரையா?"

மல்லிகா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். ஆறாவது பாட்டு அப்படியே கிடந்தது.

இந்த வருஷம் லீவில் வந்தவள், அண்ணன் வாசலில் போய் நின்றாள். "கங்காணி, நாளைக்கு ப்ளேன் ஏறுறேன். இன்னைக்கு விட்டா நான் எப்ப பாடுறது? பாட வாங்குற மூச்சு அப்படியே இருக்குமா?"

அண்ணன் ட்ரம்மை மடியில் வைத்துக்கொண்டு, பசறை வழியாகப் பதுளைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தார். ட்ரம்முக்கும் டிக்கெட் எடுத்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போக நானா பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார். மணி பதினொன்று. அண்ணன் கொப்பியைத் திறந்தார். மல்லிகா இருக்கேன் என்றாள். நான் இருக்கேன் என்றேன்.

"செல்லையா!"

மின்விசிறி மட்டும் சுற்றியது. மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் கொப்பியை மூடப் போனார்.

பழைய பதிவைத் தேடிக்கொண்டிருந்த நானாவுக்கு இதெல்லாம் தெரியாது. "அண்ணன், குழலுக்கு முன்னுக்கு ஏதோ பேச்சுச் சத்தம் ஈக்கிது. வெட்டவா?" என்று கேட்டுவிட்டுப் போட்டார்.

ஸ்பீக்கரில் அண்ணனின் குரலே அதட்டியது: "செல்லையா!"

"இருக்கேன்யா! சட்டுனு தொடங்குங்க, பசிக்குது."

பிறகு குழல் வந்தது.

அன்றைக்கும் அண்ணன் பெரட்டு எடுத்திருக்கிறார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

"வெட்டாதீங்க நானா," என்றார் அண்ணன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொப்பியில் செல்லையாவுக்கு நேரே முழுப்பேர் என்று எழுதினார். பிறகு குச்சியை எடுத்தார். அவர் அடித்த அடியில் கீழ்க்கடையில் அடுக்கியிருந்த தேயிலைப் பெட்டிகள் சரிந்தன என்கிறார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குள் பாட்டு முடிந்தது.

இப்போது ஆல்பம் போனுக்குப் போன் போகிறது. ஆறாவது பாட்டில் ஏதோ பிழை என்று தொடக்கத்தைத் தள்ளிவிட்டுக் கேட்கிறார்களாம். உங்களிடம் வந்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது முதலிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். பெரட்டில் ஒரு ஆள் குறைந்தால் எங்கள் அண்ணன் தாங்கமாட்டார்.