கண்டென்சர் எண்ணிய கால்கள்

எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா வாங்கியவன் நான். அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டுவதற்கு ஆணி அடித்தபோது, சுவருக்குள் ஓடிய ஒயரையும் சேர்த்து அடித்து, நான் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் எஸ்டேட்டின் ஆபீஸை இரண்டு நாள் மின்சாரமில்லாமல் வைத்திருந்தேன். என் படிப்பின் ஆழம் சரியாக ஆணியின் நீளம்தான். அதைச் சரிசெய்ய வந்தவர் கண்டென்சர்.

சேர்வராயன் மலையில் அவரைப் போல இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் மலை தாங்கியிருக்காது. ஃபேனே தேவைப்படாத ஏற்காட்டில் ஃபேன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் ஒரே மனிதர் அவர். அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்கே ஞாபகமிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். பழைய டிவி, மிக்ஸி, ரேடியோ எது கிடைத்தாலும் கரண்டைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரை மட்டும் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவார். பனியில் ஈரம் ஏறிவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருப்பார். அவர் வீட்டில் விருந்துக்குப் போனவர்கள் சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் வாயில் வைப்பார்கள்.

அவருக்கு உலகமே கண்டென்சர்தான். மாமியார்கள் நல்ல கண்டென்சராம். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்து ஒரே அடியில் இறக்குவார்களாம். என்னை முதல் நாளே எடைபோட்டுவிட்டார்.

"நீங்க லீக்கு கேஸுங்க. காலையில ஏத்துனா மத்தியானத்துல காலி."

எங்கள் எஸ்டேட்டின் குடியிருப்பு லைன் ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது. வாழவந்தி ரோட்டுக்கு வர ஒற்றைப் பலகைதான் பாலம். போன மழைக்காலத்தில் ஆரோக்கியமேரி அக்கா அதிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் செய்கிறவர். மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அன்றிலிருந்து லைனில் ஒரு வழக்கம் வந்தது. பலகையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவர் மறுகரை சேர்ந்து "ஆச்சு" என்று குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் கால் வைப்பார்.

கான்கிரீட் பாலம் கேட்டுப் பஞ்சாயத்து யூனியன் இன்ஜினியருக்கு மனு எழுதினேன். எத்தனை பேர் அதில் நடக்கிறார்கள், இருபது பேருக்கெல்லாம் பாலம் கட்ட முடியாது என்றார் இன்ஜினியர். கண்டென்சரிடம் புலம்பினேன். எண்ணுவதற்கு மெசின் செய்துவிடலாம் என்றார் அவர். பலகைக்கு நடுவில், அடியில் ஒரு சுவிட்ச். கரையில் ஒரு டப்பா. அதில் பழைய கரண்ட் மீட்டரிலிருந்து கழற்றிய எண் சக்கரம்.

"ஏனுங்க ரைட்டரே, சின்ன கண்டென்சர் டம்ளருங்க, பெரிய கண்டென்சர் குடமுங்க. ஒரு ஆளு மிதிச்சா ஒரு டம்ளர் கரண்டு குடத்துல வுழும். பத்து டம்ளர்ல குடம் ரொம்பிரும். ரொம்புனதும் கொட்டிப்போட்டு, சக்கரத்த ஒரு நம்பர் தள்ளிவுடும். ஆளுக்கு ஆளு சக்கரத்தச் சுத்துனா பேட்டரி தாங்காதுங்க."

கடையில் விரலால் பத்து முறை தட்டிக் காட்டினார். சக்கரம் டக்கென்று ஒன்று நகர்ந்தது. நான் பரவசத்தில் புது மனு எழுதி, அதன் கடைசி வரியாக, 'இயந்திரம் பொய் சொல்லாது' என்று எழுதி, அடியில் சிவப்பு மையில் கோடும் போட்டேன்.

மெசின் கணக்கைப் பார்க்க இன்ஜினியர் வரும் நாள். காலை ஏழு மணிக்குக் கண்டென்சர் சக்கரத்தைச் சுழியத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். பத்தரைக்குப் போய்ப் பார்த்தேன். போக வர நூற்றைம்பது பேராவது தாண்டியிருப்பார்கள். சக்கரம் காட்டியது ஒன்று. அதாவது பத்துப் பேர்.

பதினோரு மணிக்கு இன்ஜினியர். சிவப்புக் கோடு கண்முன் ஆடியது. சுற்றிலும் யாருமில்லை; பனி மட்டும்தான். பலகையின் நடுவில் ஏறி நின்று குதிக்க ஆரம்பித்தேன். சக்கரம் பதினைந்துக்கு வந்ததும் நிறுத்திவிடத்தான் திட்டம். ஆனால் சக்கரம் கரையில், நான் பலகையில். மனக்கணக்கும் எழுபதிலேயே தவறிப்போனது. பத்து நிமிஷம் பேய் பிடித்தவன் போல் குதித்துவிட்டு வந்து பார்த்தால், தொண்ணூற்று மூன்று.

"தொள்ளாயிரத்து முப்பது பேரா?" என்றார் இன்ஜினியர். லைனில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். நூற்றெண்பது என்றேன், கைக்குழந்தைகளைச் சேர்த்து. அவர் மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார். பாலமும் அதோடு மடிந்தது போலிருந்தது.

அப்போது கண்டென்சர் வந்து சேர்ந்தார். சக்கரத்தைப் பார்த்தார். மேல்மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்தார். என் பேண்ட்டில் முழங்கால்வரை தெறித்திருந்த ஈரத்தைப் பார்த்தார்.

"மெசின் கோளாறுங்க சார். என்ற தப்பு. இப்ப உங்க முன்னாடியே பாத்துக்கலாமுங்க" என்று சக்கரத்தைச் சுழியத்துக்குத் திருப்பினார்.

கண்டென்சர் குரல் கொடுக்க, லைனில் இருந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவர் தாண்டுவார், "ஆச்சு" என்பார், அடுத்தவர் வருவார். பத்தாவதாக ஆரோக்கியமேரி அக்காவும் தாண்டி வந்துவிட்டார். சக்கரம் அசையவில்லை. இன்ஜினியர் சிரித்தார்.

"குடம் ஒழுவுதுங்க சார்," என்றார் கண்டென்சர். "இந்தப் பனிக்கு எந்தக் கண்டென்சரும் கரண்டப் புடிச்சு வெக்காது. வெரசா நடந்தா கணக்கா எண்ணும். அடுத்த ஆளு வர்றதுக்குள்ள முன்னாடி வுழுந்தது ஒழுவிப் போயிருது. நொம்ப மெதுவாப் போறாங்க. வெரசாப் போவ முடியுமான்னு நீங்களே ஒருக்கா நடந்து பாருங்க."

இன்ஜினியர் கம்பீரமாகத்தான் கால் வைத்தார். மூன்றாவது அடியில் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகியது. சிலையாக நின்றார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஆரோக்கியமேரி அக்கா கரையிலிருந்து கை நீட்டினார்.

"கீழ பாக்காதீங்க சாமி. அப்படியே மெதுவா வாங்க."

 கரைக்கு வந்த இன்ஜினியர் பையிலிருந்து மனுவை எடுத்து, நான் சிவப்புக் கோடு போட்ட வரியை அடித்துவிட்டு, அதன் மேல் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அங்கே கான்கிரீட் பாலம். லைன் பெண்கள் மூன்று பேராகச் சேர்ந்து கதை பேசிக்கொண்டே தாண்டுகிறார்கள். ஆரோக்கியமேரி அக்கா இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு வருகிறார்.

அன்று குதித்தது நான்தான் என்பது கண்டென்சருக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பழியை எதற்கு அண்ணா உங்கள் மெசின் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் அரிசி டின்னிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மெசினத் திட்டுனா அழுவாதுங்க."