நோயாளி வரவில்லை, நான் வந்திருக்கிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் முதல் வரியை எழுதினேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை என்பதால் அடித்துவிட்டேன். அடித்த இடத்தை நீ ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கங்கள். நான் அனுப்பிய தைலத்தை அவர் முழங்காலில் தேய்க்கிறாரா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரா என்று தெரியப்படுத்தவும்.

நேற்று நீ தொலைபேசியில், "பிள்ளை பெத்த பொண்ணை மனநல ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போனியாமே, அவளுக்கு என்ன பைத்தியமாடா? நீ மருந்துக்கடை வெச்சிருந்தவன்தானே, ரெண்டு சத்து மாத்திரை குடுத்தா ஆகாதா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். வைத்ததும் நல்லதுக்குத்தான். பேச்சில் சொல்லியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால் ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன்.

குழந்தை பிறந்து மூன்றாவது மாதம். இந்த வீட்டிலேயே சத்தமாகச் சிரிக்கிறவள் என் மகள்தான், அது உனக்கே தெரியும். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. தட்டில் சாப்பாடு ஆறிப்போகும். குளிக்கப் போ என்று ஒருவர் சொன்னால்தான் போவாள். குழந்தையைத் தூக்குவாள், பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், எல்லாம் சரியாகவே செய்வாள், ஆனால் முகத்தில் ஆள் இருக்க மாட்டாள். வார இறுதியில் வெளியூரிலிருந்து மாப்பிள்ளை வந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல." அவள் அம்மா கேட்டாலும் "ஒண்ணுமில்ல." என் வீட்டுக்காரி, "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், நான் பெத்தப்ப என்னை யாரு கேட்டா?" என்று முடித்துவிட்டாள். நான் என் பங்குக்கு இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு கிளை திறந்தேன். அப்படியிருக்க ஒருநாள் காலை, மாடியில் குழந்தையின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "நான் இல்லாட்டி பாப்பா இன்னும் நல்லா வளருவால்லப்பா." "லூசு மாதிரி பேசாத" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து பேப்பரை விரித்தேன். ஒரு வரி கூட மண்டையில் ஏறவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரியிடம்கூட.

கடைக்கு எதிரே முன்பு மருத்துவமனை வைத்திருந்த டாக்டரை வழியில் பார்த்தபோது, பெண் சரியாகத் தூங்குவதில்லை, நல்ல டானிக்காக ஒன்று சொல்லுங்கள் என்றேன். அவர் டானிக் சொல்லவில்லை. இந்த ஆலோசகரின் முகவரியைச் சொன்னார். மகளிடம் சொன்னேன். "நான் வரல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதனால் என்ன? முப்பது வருஷத்துக்கு மேல் கடையில் நின்றவன் நான். கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வேறு யாருடைய வியாதியையோ தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தானே! வீட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கு, மாமியாருக்குத் தலைசுற்றல், மேலதிகாரிக்குச் சளி. எத்தனை நாளா, காய்ச்சல் உண்டா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டு, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தே வாழ்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரியின் பல்வலிக்கு நான் போய் உட்கார்ந்து பல் டாக்டரிடம் திட்டு வாங்கியதும் இதே பழக்கத்தில்தான். மகளின் மனசுக்கும் நானே போய்ச் சொல்லி, மருந்துச்சீட்டு வாங்கி வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒரு மாடி. முன்னறையில் இருந்த பெண், "நோயாளி எங்க சார்?" என்றாள். "நோயாளி வரல, நான் வந்திருக்கேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நோயாளி வந்துவிட்டார் என்றுதான் முடிவு செய்திருந்தாள்.

உள்ளே ஆலோசகர், நம் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அக்கா, அந்த அறையில் மேஜை இல்லை! இரண்டு நாற்காலி, கொஞ்சம் கோணலாக, ஒரு சின்னத் தொட்டிச்செடி, காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று. அவ்வளவுதான். நடுவில் ஒரு கவுண்டர் இல்லாமல் நான் வாழ்க்கையில் யாரிடமும் வியாதியைப் பற்றிப் பேசியதே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தேன், பிறகு முட்டியில் வைத்தேன், கடைசியில் செடியின் இலையைப் பிடித்துக்கொண்டேன். நோய்க்குறிகளை வரிசையாகச் சொல்லி, "எழுதிக் குடுங்கம்மா, மருந்தை நானே பாத்து வாங்கிக்கறேன்" என்றேன். "நான் மருந்து எழுதறவ இல்ல சார், அதுக்கு மனநல மருத்துவர் இருக்காங்க. என் வேலை பேசறது. அவங்க இல்லாம அவங்களுக்கு நான் வைத்தியம் பண்ண முடியாது. ஆனா நீங்க வந்திருக்கீங்க. உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி நூத்தி முப்பது" என்றேன். "அது சர்க்கரை சார். நான் உங்களைக் கேட்டேன்."

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அக்கா, அந்தச் சும்மா இருப்பதை நான் எப்படி விளக்குவேன்! கடையில் ஒருவர் அப்படி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றால், காசில்லாமல் வந்திருக்கிறார் என்று அர்த்தம். இவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தலையைச் சொறியவில்லை, "கவலைப்படாதீங்க எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டுமே என்று நான் பேச ஆரம்பித்தேன். கடையை மூடியது, மூடிய மறுநாள் பழக்கத்தில் சாவியோடு கிளம்பியது, குழந்தை பிறந்த அன்று நான் ஆனந்தத்தில் மருத்துவமனைக் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டது, அத்தானின் முழங்கால், உன் பிடிவாதம் (கோபித்துக்கொள்ளாதே, வாயில் வந்துவிட்டது) எல்லாம் கொட்டினேன். நடுநடுவே அவள் கேட்டவை எல்லாம் என் கவுண்டர்க் கேள்விகளேதான். எத்தனை நாளா இப்படி? ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சா? குழந்தை தூங்கறப்பவாவது தூங்க முடியுதா? முன்னாடி பிடிச்சது எதுவும் இப்பப் பிடிக்கலையா? குளிக்க, சாப்பிட, அன்றாட வேலைக்கே தடுமாறறாங்களா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ஊரார் தலைவலிக்கெல்லாம் எத்தனை நாளா என்று கேட்டவன், சொந்த மகளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

நேரம் முடிந்தது, எழுந்தேன். கதவில் கை வைத்த பிறகு, மறந்துபோன சில்லறையைக் கேட்பவன் மாதிரி, "வேற ஒண்ணுமில்லம்மா, அன்னிக்கு ஒருநாள், நான் இல்லாட்டி பாப்பா நல்லா வளருவான்னு சொன்னா. சும்மா சொன்னதுதான்" என்றேன். கடையிலும் இதே கதைதான் அக்கா. எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, படியில் கால் வைத்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள். ஆலோசகர் பதறவில்லை. "உட்காருங்க சார்" என்றாள். அடுத்து ஒருவர் காத்திருந்தும் என்னை உட்காரவைத்தாள். "அதுக்கப்புறம் நீங்க அவங்ககிட்ட ஏதாவது கேட்டீங்களா? சாகணும்னு தோணுதான்னு?" "ஐயோ, அதை எப்படிக் கேக்கறது? கேட்டா இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா?" "கேக்கறதால அந்த எண்ணம் வராது சார். ஏற்கெனவே இருந்துச்சுன்னா, தனியா சுமக்க வேண்டாம்னு ஆகும். இன்னிக்கு அவங்களைத் தனியா விடாதீங்க. தனக்கோ பாப்பாவுக்கோ ஏதாவது பண்ணிடுவேன்னு சொன்னா எனக்காகக் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க. இல்லன்னா நாளைக்குக் காலைல முதல் ஆளா நான் பாக்கறேன். இங்க பேசினதை அவங்ககிட்ட மறைக்காதீங்க." ஒரு மாத்திரை கொடுக்கவில்லை, ஒரு ஊசி போடவில்லை. ஆனால் படி இறங்கும்போது எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. மலைத்துப்போனேன்.

மலைப்பு தலைக்கேறிவிட்டது என்றும் சொல்லலாம். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இரண்டு நாற்காலியை அதே கோணலில் போட்டேன். காகிதக் கைக்குட்டை இல்லாததால் சமையலறைத் துண்டை மடித்து வைத்தேன். செடிக்குப் பதில் தண்ணீர்க் குடத்தை வைத்தேன். "எதுக்கு நாற்காலியைக் கோணலா போட்டிருக்கீங்க, பெருக்கப் போறீங்களா?" என்றாள் வீட்டுக்காரி. மகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, நானும் சும்மா இருந்தேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"கேட்டுட்டிருக்கேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"அதைத்தான் கேட்டுட்டிருக்கேன்."

இந்த வித்தை எனக்கு வரவில்லை அக்கா. ஒரு நிமிஷம்கூட வாயை மூட முடியவில்லை. அசட்டுத்தனமாக, நேராகவே கேட்டுவிட்டேன்: "சாகணும்னு தோணுதாம்மா?" அவள் துண்டை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தாள். "சாகணும்னு இல்லப்பா. எங்கயாவது காணாமப் போயிடணும் போல இருக்கு" என்றாள். என் மகள், என் வீட்டுக் கூடத்தில், என் எதிரில் உட்கார்ந்து இதைச் சொல்கிறாள். நான் பயப்படவில்லை. நான் பயந்த சுபாவம் இல்லை என்பது உனக்குத் தெரியும். நிதானமாக, ஆலோசகரைப் பார்த்ததைச் சொன்னேன். "என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?" என்றாள். "தூக்கமில்ல, பசியில்ல, பாப்பா மேல பாசம் வரலன்னு..." அவ்வளவுதான், எழுந்துவிட்டாள். "பாசம் இல்லன்னா சொன்னீங்க? பாசம் இல்லாமலாப்பா அவ மூச்சு விடறாளா மூச்சு விடறாளான்னு பாத்துட்டே உக்காந்திருக்கேன்? கண்ணை மூடினா அவளுக்கு ஏதாவது ஆயிடும்னுதானே நான் தூங்கறதே இல்ல? எல்லாத்தையும் தப்பா சொல்லிட்டு வந்திருக்கீங்க!" அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அன்றைக்கு அவள் அம்மாவும் நானும் மாறி மாறி அவள் பக்கத்திலேயே இருந்தோம். காலையில் அவளே தலை வாரிக்கொண்டு வந்து நின்று, "வாங்க, நானே வந்து சொல்றேன்" என்றாள். நான் தப்பாகச் சொன்னதைத் திருத்தத்தான் கிளம்பினாள். தப்பு மருந்து கொடுத்து வேலை செய்தது என் தொழிலில் இதுதான் முதல் தடவை.

குழந்தையை வைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே ஒருத்தி சொல்கிறாள், ஒருத்தி கேட்கிறாள், வேறு ஒன்றுமே நடக்கவில்லை. அவள் வெளியே வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது. குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "பசிக்குதுப்பா" என்றாள். கீழே டீக்கடையில் நின்றபடியே ஒரு பன்னை முழுதாகச் சாப்பிட்டாள். நான் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன், தூசி ஜாஸ்தி.

ஒரே நாளில் குணமாகிவிட்டாள் என்று நினைக்காதே. ஆலோசகரே மனநல மருத்துவரிடமும் அனுப்பினாள். பால் கொடுக்கிறவள் என்று பார்த்து அவர் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அதை எத்தனையோ பேருக்கு, அவர்கள் காதோடு காதாகக் கேட்டதால் நானும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி ஒளித்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் அது உப்புச் சாடிக்குப் பக்கத்தில் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கிறது. பேசப் போவதும் வாரா வாரம் நடக்கிறது. "நான் மோசமான அம்மா" என்று இவள் சொன்னால், ஆலோசகர் மறுத்துப் பேசுவதில்லையாம், புகழ்வதும் இல்லையாம். "இது எண்ணம். இந்த வாரம் நீங்க கண்ணால பாத்தது என்ன?" என்று கேட்பாளாம். இவள் யோசித்து யோசித்து, அழுத பாப்பாவைத் தூக்கியதையும், அது தன் விரலைப் பிடித்ததையும் தானே சொல்வாளாம். போன வாரம் மறுபடி இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்றாம் நாள் எழுந்தாள். முந்தாநாள் குழந்தை மாப்பிள்ளையின் புதுச்சட்டையை நனைத்தபோது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு அறையில் அப்படியே அசையாமல் நின்றுவிட்டோம்.

அவளுக்குப் பைத்தியமா என்று கேட்டாயே. இல்லை அக்கா. காய்ச்சல் வந்த மாதிரி வந்தது, சரியான ஆளிடம் போனோம், குறைகிறது. ரெண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால் போக வேண்டும், உயிரைப் பற்றிப் பேச்சு வந்தால் அன்றைக்கே போக வேண்டும். இதை நான் கடையின் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்க வேண்டியவன். நீ தாராளமாகப் புறப்பட்டு வா. வந்தால் அவளுக்கு யோசனை சொல்லாதே. பக்கத்தில் உட்கார், முடிந்தால் சும்மா இரு. உன்னால் முடியாது என்று தெரியும், என்னாலேயே முடியவில்லை.

அத்தானுக்கு முழங்காலும் உனக்குப் பொறுமையும் நீண்ட நாள் உழைக்க வேண்டுகிறேன். உன் வீட்டுக் குழந்தைகளுக்கு எங்கள் எல்லோருடைய முத்தங்களும் ஆசியும்.

இப்படிக்கு,
என்றும் உன் சொல் கேட்கும் (இந்த ஒரு தடவை தவிர),
தம்பி

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்கு முன்னால், மறைக்கக் கூடாது என்ற விதிப்படி, மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, "இதையும் தப்பாத்தான் எழுதியிருக்கீங்க" என்கிறாள். "உங்களைத் திருத்தறதுக்கா நான் போனேன்? அன்னிக்கு நாற்காலியை எல்லாம் எடுத்து வெச்சப்புறம், அம்மாகிட்ட 'எனக்கு ரொம்பப் பயமா இருக்குடி'ன்னு சொல்லி அழுதீங்கல்ல, அது எனக்குக் கேட்டுச்சு. எங்கப்பாவே வெளிய சொல்லலாம்னா நானும் சொல்லலாம்னு தோணுச்சு. அதான் போனேன்." அக்கா, சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன்.