ராய்லியின் கால் வீக்கம்

ராய்லியைக் கையும் களவுமாக அல்ல, காலும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அந்தச் சனிக்கிழமை காலை வெய்க்கோ சபதம் எடுத்தார்.

குளிர்காலத்தில்தான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ரத்தக் கொதிப்பு என்று தெரியவந்தது. ஒரே மாத்திரை, ஒரே அளவு. வெய்க்கோவின் கணுக்கால் விறகுக் குச்சி மாதிரி அப்படியே இருந்தது. ராய்லியுடையதோ அடுப்பில் வைத்த பன் மாதிரி உப்பிவிட்டது. கால் அவளுக்கு வீங்கியது; வேலை முழுசாக இவருக்கு வந்தது. சௌனா என்ற நீராவிக் குளியல் அறைக்கு விறகு பிளப்பதும் இவர்தான், தண்ணீர் சுமப்பதும் இவர்தான். கோடை வந்ததும் ஏரித் துறையில் பெண்களுக்கு நடுவே மண்டியிட்டு விரிப்புகளைத் தேய்ப்பதும் இவர் தலையில் விழுந்தது.

"அதே மாத்திரையைத்தானே நானும் முழுங்கறேன்? எனக்கு ஏன் வீங்கலை?"

"அதை மாத்திரைகிட்டயே கேளு." ராய்லி காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "போறப்ப அந்தச் சமையல்கட்டு விரிப்பையும் எடுத்துட்டுப் போ."

நடிக்கிறாள்! வெய்க்கோவுக்குச் சந்தேகமே இல்லை. அவளைப் பொறியில் சிக்கவைக்கச் சரியான தீனி டாங்கோ நடனம்தான்.

"இன்னிக்கு ஏரிக்கரை மண்டபத்துல டாங்கோவாம். பாவம், உன் காலுக்குத்தான் ஆகாது..."

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் அவள் சிவப்புக் குதிகால் செருப்போடு காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்தாள்.

மண்டபத்தில் தபால்காரரோடு ஆடினாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரோடு ஆடினாள். அவர் மூச்சு வாங்கினார், இவள் வாங்கவில்லை. பெண்கள் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்ததும் நேராக வெய்க்கோவிடம் வந்தாள்.

"மாட்டினியா! இதுதான் வீங்கின காலா?"

"வீக்கம் வத்தி எத்தனை நாளாச்சு! டாக்டர் மாத்திரையை மாத்திட்டாரே. அந்தப் பழைய மாத்திரை ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்குத்தான் காலை அதிகமா வீங்க வைக்குமாம். 'ஏம்மா, மொதல்லயே வந்திருக்கக் கூடாதா'ன்னு ஒரே திட்டு. 'எனக்கு ஏன் வீங்கலை'ங்கற உன் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்தது என் தப்பு."

வெய்க்கோவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. நீ அப்போ பக்கத்து வீட்டு சில்க்காவுக்கு உன் கணுக்காலைக் காட்டிப் பெருமையடிச்சிட்டு இருந்தே."

"அப்போ நாளையிலேர்ந்து விறகு, தண்ணி, விரிப்பு எல்லாம் உன் பாடு!"

"ஆகட்டும்." அவ்வளவு சுலபமாகச் சொன்னதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. "ஆனா உன் பிரஷர் நல்லா இறங்கியிருக்குன்னு நர்ஸ் பூரிச்சுப் போனாளே, மாத்திரை தவிர என்ன பண்றார்னு என்கிட்ட கேட்டா. விரிப்பு துவைக்கிறார்னேன். ரெண்டையும் விடவே கூடாதுன்னுட்டா."

வெய்க்கோ வாயைத் திறந்தார். டாங்கோ ஆரம்பித்துவிட்டது. ராய்லி கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள். சொல்ல வந்தது மறந்தே போனது.

மறுநாள் காலை ஏரித் துறையில் சில்க்கா கேட்டாள்: "இன்னுமா ராய்லிக்குக் கால் வீங்கியிருக்கு?"

"இல்லை," என்றார் வெய்க்கோ, சோப்பைத் தேய்த்துக்கொண்டே. "இது எனக்குச் சொன்ன வைத்தியம்."

சில்க்கா தன் வீட்டு விரிப்பையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்போ டோஸைக் கொஞ்சம் கூட்டிக்கோ."