மதாமின் மரத்தை நாங்கள் காப்பாற்றிய கதை

பிரெஞ்சு அறவே தெரியாதவர்களால் ஆபத்தில்லை, திரும்பக் கேட்பார்கள். என்னைப்போல அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் தலையாட்டிவிடுவார்கள்.

லா சப்பலில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலம். வீட்டுக்காரி மதாம் லூசியேன் கீழ்த்தளத்தில் இருந்தார். முற்றத்துத் தொட்டியில் அவருடைய அலங்கார ஆப்பிள் மரம். ஆளுயரம், கோலிக்குண்டு அளவில் சிவப்புப் பழங்கள். காலமான கணவர் வைத்தது. மகள் வீட்டுக்குப் புறப்படும்போது அதை என் பொறுப்பில் விட்டு, படபடவென்று என்னவோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது ‘குளிர்’ என்ற ஒரு சொல்தான். “உய், மதாம்” என்று தலையாட்டினேன்.

தை மாதம் மரம் மொட்டையாக நின்றது. (தெருவில் எல்லா மரமும் மொட்டைதான். ஆனால் அவை அரசாங்கத்து மரங்கள்!)

“இஞ்சை பாருங்கோ, மரம் சாகப்போகுது. மதாம் வந்தா எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவா” என்றேன் கணவரிடம்.

“ஓம், குளிர் அடிச்சிட்டுது. மேலை கொண்டுபோவம்.”

நாலாம் மாடிக்கு ஏற்றி, ஹீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தி, என் கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டோம். வெதுவெதுப்பாகத் தண்ணீரும் ஊற்றினேன். (இரசம் கொடுக்காததுதான் குறை.) மாசியில் மரம் பூத்துத் தள்ளியது! பெருமை தாங்காமல் ஒபர்வில்லியேயில் இருக்கும் தங்கச்சிக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“அக்கா, உங்களுக்கென்ன விசரே? அது குளிருக்கை நித்திரை கொள்ளுற மரம். நீங்கள் எழுப்பிப்போட்டியள்!”

போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். வெளியே பனி கொட்டியது. வாசலில் டாக்சி, அதிலிருந்து மதாம் இறங்கிக்கொண்டிருந்தார்.

எப்படியாவது முற்றத்தில் வைத்துவிடலாமென்று ஓடினோம். எங்கள் லிஃப்டில் இரண்டு பேர் நிற்பதே பெரிய பாடு. அதற்குள் நான், கணவர், மரம்.

“கண்ணுக்கை கொப்புக் குத்துதப்பா!”

“மூச்சு விடாமல் நில்லுங்கோ!”

கதவு திறந்தது. எதிரே பெட்டியோடு மதாம். மரத்தில் என் சால்வை. கணவரின் வழுக்கைத் தலையெங்கும் இளஞ்சிவப்பு இதழ்கள்.

“பொன்ஜூர், மதாம்” என்றது மரத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

மதாம் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். போச்சு, மயங்கிவிட்டார் என்று பதறினேன். அவரோ கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “குளிர் இதை ஒன்றும் செய்யாது. அதைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.”

முற்றத்துக்குப் போன பூக்கள் பனியில் கருகின. மரமும் போய்விட்டதோ என்று தினமும் காலையில் திருடியைப்போல எட்டிப் பார்ப்பேன். சித்திரையில் ஒரு கொப்பில் பச்சையாய்த் துளிர் கண்டதும் அந்த முற்றத்திலேயே அழுதுவிட்டேன். அந்த வருடம் பழமில்லை, அவ்வளவுதான். எங்களையும் யாரும் எழுப்பவில்லை. இன்னும் அதே நாலாம் மாடிதான்.

இங்கேயே பிறந்த என் மகனுக்கு இப்போது பதினாறு வயது. குளிர்நாளில் கம்பளித் தொப்பியை நீட்டினால் போதும், பிரெஞ்சில் கத்திக்கொண்டே படியிறங்கி ஓடுகிறான்: “வேண்டாம் அம்மா, பூத்துவிடுவேன்!”