பூவனநாதன் அடக்கிய சத்தங்கள்

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. பிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கியாயிற்று. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அரிசி மூட்டைக்குள் புதைத்தாயிற்று. அப்படியும் சுதாராணி, காதில் மாட்டியிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"இன்னும் கேக்குதுங்க."

"என்னது கேக்குது?" என்றார் அவள் கணவர் பூவனநாதன்.

"இப்போதைக்கு உங்க சத்தந்தான்."

பூவனநாதன் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் ரகசியம் பேசினாலே அடுத்த தெரு நாய்கள் எழுந்து உட்காரும். கோவில்பட்டிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எவர்சில்வரோடு போட்டி போட்டு வளர்ந்த தொண்டை. ஒருமுறை அவர் கடைக்குள் தும்மியதில், மணியாச்சி ஜங்ஷனில் ரயிலே புறப்பட்டுவிட்டது.

அந்த அறையின் நான்கு சுவர்களிலும் பஞ்சு மெத்தைகள் நின்றன. எதிரொலி வரக்கூடாதென்று சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கி பூவனநாதன் இரவல் வாங்கி வந்தவை. அந்த வாரம் பாதிக் கோவில்பட்டி பாயில் படுத்தது. சித்திரை வெயில், விசிறி இல்லை, நாலு பக்கமும் மெத்தை. உள்ளே ஒரு முட்டையை வைத்திருந்தால் அது குஞ்சு பொரித்து, குஞ்சு வளர்ந்து, மறுபடியும் முட்டை போட்டிருக்கும்.

நடுவே, சேலையில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு பத்திரகாளி உட்கார்ந்திருந்தாள். குளத்தூர்ப் பக்கத்து உப்பளத்துக்காரி. உப்பு அள்ளும் பெண்களுக்கு நிழல் கொட்டகையும் கழிப்பறையும் கேட்டுச் சண்டை போட்டு வாங்கியவள். சண்டைக்கு வேண்டிய பாட்டையும் தானே கட்டுகிறவள். மதியம் அவளுக்கு பஸ். சாயங்காலம் உப்பளத்தில் ஒரு கூட்டம். அவள் போகாமல் அது தொடங்காது.

"சீக்கிரம் ஆரம்பிச்சிருதேன்க்கா. ரொம்ப வேர்க்கா?" என்றாள் சுதாராணி.

"எனக்கு வேர்வை என்ன புதுசா தாயி. நீ வேலையப் பாரு."

சுதாராணி ஒரு வருடமாகப் பாட்காஸ்ட் நடத்துகிறாள். 'எங்களுக்கும் வாய் உண்டு' என்று பெயர். முகம் கிடையாது, படம் கிடையாது, பேச்சு மட்டும். எப்போதும்வென்றான் கிராமத்தில் தண்ணீர்த்தொட்டிச் சுவரெல்லாம் மயிலும் மனுஷியும் வரைகிற பெண் பேசினாள். வரதட்சணை கேட்டவனிடம் மேடையிலேயே மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தையல்கடை திறந்த விளாத்திகுளத்துப் பெண் பேசினாள். வாயைத் திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற பெண்களாகத் தேடித் தேடிப் பிடித்து வந்தாள்.

பூவனநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் குடம் வாங்குகிறவர்களுக்குப் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். அவர் அந்தப் பெயருக்குக் கீழே 'எங்களுக்கும் வாய் உண்டு' என்று இனாமாக வெட்டிக் கொடுத்தார். சீர்வரிசைக் குடத்தில் அதைப் படித்த ஒரு மாமியார் மண்டபத்திலேயே மயங்கி விழுந்து, சோடா தெளித்து எழுப்பியதும் மறுபடி படித்துவிட்டு மறுபடி விழுந்தாராம்.

இத்தனை செய்தும், எத்தனை பேர் கேட்டார்கள் என்று போன் காட்டிய எண்ணிக்கை கைவிரல்களைத் தாண்டவில்லை. அதில் ஒரு விரல் பூவனநாதனே. அன்று காலை இட்லி வைக்கும்போது சுதாராணி சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு பத்திரகாளி அக்கா பேசுறதோட முடிச்சுக்கிடுதேங்க. ஆளே இல்லாத இடத்துல எம்புட்டு நாளைக்குப் பேச?"

பூவனநாதனுக்கு ஒன்பதாவது இட்லி தொண்டையில் நின்றது. நிறுத்தவிடக் கூடாது. இன்றைய பேச்சு மட்டும் ஈ எறும்புச் சத்தம்கூடக் கலக்காமல் சுத்தமாக அமைந்துவிட்டால், கேட்டவர்கள் மெச்சுவார்கள், இவளும் மனம் மாறுவாள். அமைதிக்குத் தான் பொறுப்பு என்று அங்கேயே அறிவித்தார். அறிவித்த சத்தத்தில் சட்னிக் கிண்ணம் நகர்ந்தது.

"நல்லாக் கேட்டுச் சொல்லு. என்ன சத்தம்?" என்றார் இப்போது, முடிந்தவரை மெதுவாக.

சுதாராணி கண்ணை மூடிக்கொண்டாள். "கிணிங் கிணிங்னு ஒரு மணி. அதுக்குக் கீழ கொரகொரன்னு ஒண்ணு, தூரத்துல ரேடியோ ஓடுத மாதிரி."

"ரெண்டையும் முடிச்சிட்டு வாரேன்," என்று பூவனநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

மணி, வாசல் வேப்பமரத்தடியில் இருந்தது. வெயிலுமுத்துவின் ஆட்டு மந்தை அங்கே நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. வெயிலுமுத்து துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற கிடாவின் கழுத்தில்தான் மணி. தூங்குகிற மனிதரை எழுப்புவானேன் என்று பூவனநாதன் பூனைபோல் போய் மணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நடந்தது இதுதான்: கிடா தலையை ஆட்டியது. சத்தம் வரவில்லை. மறுபடியும் ஆட்டியது. பிறகு தலைவனைக் காணோமென்று மந்தை முழுவதும் ஒரே சுருதியில் ஓலமிட்டது. பாதி ஆடுகள் தெருவில் சிதறின. மீதிப் பாதி பூவனநாதன் வீட்டுக்குள் நுழைந்தது. ஒரு வெள்ளாடு மெத்தை அறைக்குள்ளேயே போய், மைக்குக்கு நேராக நின்று தன் கருத்தைச் சொல்லிவிட்டு வந்தது.

"நல்லாத்தான் பேசுது," என்றாள் பத்திரகாளி.

வெயிலுமுத்து அலறிக்கொண்டு எழுந்தார். "யாரு அண்ணாச்சி மணிய அவுத்தது? மணி இல்லன்னா ஒண்ணும் அடங்காதுல்லா."

"இந்தாரும். எடுத்துக் கட்டும்."

"எங்கனன்னு கட்ட? கிடாதான் ஓடிட்டே. நான் கிடாயத் தேடுதேன். நீங்க மணிய ஆட்டிக்கிட்டே முன்னால நடங்க. இதுக பின்னால வரும். கண்மாய்ல கொண்டு விட்டிருங்க."

ஆக, கடைத்தெருவின் கௌரவமான வியாபாரி ஒருவர், மணியை ஆட்டிக்கொண்டு ஊரின் குறுக்கே நடக்க, பின்னால் ஆடுகள் வரிசை பிசகாமல் நடந்தன. வழியில் பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒருவர் உண்டியலில் போடச் சொல்லிக் காசும் கொடுத்தார். கண்மாய்க்கரையில் ஆடுகளையும் மணியையும் வெயிலுமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போதுதான், தன் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய தீப்பெட்டி ஆபீஸைப் பூவனநாதன் கவனித்தார். கொரகொர அங்கிருந்துதான்.

வாசலில் கணக்கப்பிள்ளை மணிராஜ் நின்றிருந்தார். உள்ளே நீளமான கூடம். தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தீப்பெட்டியில் குச்சி அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, ஆட்டு யாவாரமும் ஆரம்பிச்சாச்சா?"

"அத விடும். உள்ள என்னவே சத்தம்?"

தகரக் கூரை அதிர்ந்த அதிர்வில், வெளியே நின்றவருக்குக் கிணற்றுக்குள் பம்புசெட் ஓடுவதுபோல்தான் கேட்டது.

"அதையேன் கேக்குதிய. நெருப்புச் சமாச்சாரம்லா, எல்லாரு போனையும் வாசல்லயே வாங்கி வச்சிருவோம். என் ரூமு மேசைல ஆபீஸ் போன் ஒண்ணுதான் இருக்கும். அதுல ஒயரச் சொருகி, கூடத்துக்குள்ள பெரிய ஸ்பீக்கர் பெட்டிய மாட்டி வச்சிருக்காளுவ. இங்கன மட்டுமில்ல, இந்த வரிசைல இருக்க எல்லா ஆபீஸ்லயும் இதே கதைதான்."

"பாட்டா?"

"பாட்டுன்னா நானும் கேப்பனே. வெறும் பேச்சு. நான் காதுல பஞ்ச வச்சுக்கிடுவேன். அதக் கேட்டதுல இருந்து கை என்னமோ வேகமாத்தான் போவுது. வாய் அதவிட வேகமாப் போவுது. போன மாசம் கக்கூஸ் கதவுக்குத் தாப்பாள் கேட்டாளுவ. போட்டேன். நேத்து சாஞ்சு உக்காரப் பலகை கேக்காளுவ. நாளைக்கு என் நாற்காலியக் கேப்பாளுவ."

"ஒரு மணி நேரம் நிப்பாட்டும்வே. வீட்டுல முக்கியமான சோலி நடக்கு."

மணிராஜின் முகம் மத்தாப்பாக மலர்ந்தது. இப்படி யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று பல மாதமாகக் காத்திருந்த முகம் அது.

"நீங்க சொன்னியன்னு சொல்லிரலாம்லா?"

"தாராளமாச் சொல்லும். நம்ம பேருக்கு ஊருக்குள்ள ஒரு மதிப்பு இருக்கே."

பெட்டி நின்றது. பூவனநாதன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அப்படி ஒரு அமைதி. கரிசல்காட்டில் பருத்தி வெடிப்பது கோவில்பட்டி வரை கேட்டது. சுதாராணி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பூவனநாதன் அறைவாசலில் காவலுக்கு நின்றார். மூச்சை மூன்று தவணையாக விட்டார்.

பத்திரகாளி பேச ஆரம்பித்தாள்.

"உப்பளத்துல ஒதுங்க ஒரு இடம் கட்டித் தாங்கன்னு கேட்டோம். 'இம்புட்டுப் பெரிய வெட்டவெளி கிடக்கே, அது போதாதா'ன்னாரு ஒருத்தரு. 'அப்படின்னா உங்க வீட்டுக் கக்கூஸ இடிச்சிட்டு, நாளையில இருந்து நீங்களும் இங்கனயே வந்திருங்க, துணைக்கு ஆள் இருக்கும்'ன்னேன்."

சுதாராணி சிரித்தாள். "அதுக்கு என்ன சொன்னாரு?"

"சொல்ல என்ன இருக்கு? செங்கல் வந்து இறங்கிட்டு."

வெளியே பூவனநாதனுக்குக் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட பேச்சு, எப்பேர்ப்பட்ட கேள்வி. தன் வீட்டு மெத்தைகளுக்கு நடுவிலா இது நடக்கிறது என்று மார்பு விம்மி, சட்டையின் மேல் பித்தான் தெறித்தது. அது தரையில் விழும் முன் பாய்ந்து பிடித்தார்.

அப்போதுதான் தெருமுனையில் கடல் புகுந்ததுபோல் ஒரு இரைச்சல்.

எட்டிப் பார்த்தார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தெருவின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை சேலை. அடுத்த ஆபீஸ்களுக்கும் சேதி போய் அவர்களும் சேர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் ஆறுமுகத்தாய். விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்தின் சிவப்பு.

"பூவனநாதன் அண்ணாச்சிங்கது யாரு?"

"நாந்தாம்மா. மெதுவா, மெதுவாப் பேசுங்க," என்று பூவனநாதன் கிசுகிசுத்தார். அது தெருக்கோடிவரை கேட்டது.

"எங்க பெட்டிய நிப்பாட்டச் சொன்னது நீங்கதானா?"

"ஒரு மணி நேரந்தாம்மா. உள்ள முக்கியமான வேலை. ஆளுக்கு ஒரு குடம் தாரேன். சத்தம் போடாம வாங்கிட்டுப் போயிருங்க."

"வாய அடைக்க குடமா?" என்றாள் ஆறுமுகத்தாய், பின்னால் திரும்பி. "ஏட்டி, கேட்டியளா? நமக்குக் குடம் தாராவளாம்."

ஓர் ஊர்த் திருவிழா அளவுக்குக் கூச்சல் எழுந்தது. மெத்தைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன.

பெண்கள் கூட்டமாகச் சத்தம் போட்டால் பத்திரகாளியால் உட்கார்ந்திருக்க முடியாது. சேலையில் குத்திய மைக்கோடு எழுந்து வெளியே வந்தாள். மைக்கின் ஒயர் மறுமுனையில் ஒலிப்பதிவு இயந்திரத்தை இழுக்க, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுதாராணியும் ஹெட்போனோடு இழுபட்டு வந்தாள்.

"என்ன பிரச்சினை தாயி?" என்றாள் பத்திரகாளி.

"நாள் முழுக்கக் குனிஞ்ச தலை நிமிராம குச்சி அடைக்கோம். காதுக்குன்னு இருந்தது அந்தப் பெட்டி ஒண்ணுதான். அதையும் நிப்பாட்டிட்டாவ."

"யாரு?"

எல்லாக் கைகளும் பூவனநாதனை நோக்கி நீண்டன.

"இவியளா? இவிய வீட்டுலயா நான் காப்பி குடிச்சேன்?" பத்திரகாளி முற்றத்தில் கவிழ்த்திருந்த அண்டாவின் மேல் ஏறி நின்றாள். பாட்டுக் கட்டுகிறவளுக்குக் கோஷம் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? "பாத்திரக்கடை அண்ணாச்சியே, பதில் சொல்லு."

"பதில் சொல்லு, பதில் சொல்லு," என்றது தெரு. கூட்டத்தோடு சேர்ந்து கத்திப் பழகிய தொண்டை, பூவனநாதனும் இரண்டு முறை "பதில் சொல்லு" என்று கத்திவிட்டார். அதுதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது.

சுதாராணி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கடைசிப் பேச்சு இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு பக்கம் அழுகை, மறுபக்கம் சிரிப்பு. கணவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு நிமிசம் இருங்கம்மா. இவிய செஞ்சது தப்புத்தான். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். போட்ட வேலையப் போட்டபடி விட்டுட்டு இத்தன பேரு வாற அளவுக்கு, அப்படி என்னத்தக் கேட்டுக்கிட்டு இருந்திய?"

சத்தம் சட்டென்று நின்றது. காலையிலிருந்து பூவனநாதன் தேடியலைந்த அமைதி அந்தத் தெருவில் வந்து இறங்கியது. பின்வரிசையில் ஒருத்தி பக்கத்துக்காரியின் கையைப் பிடித்து அழுத்தினாள். கோஷத்தில் உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன.

ஆறுமுகத்தாய் சுதாராணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"எக்கா, இன்னொருக்கா பேசுங்க."

"என்னம்மா பேச?" என்றாள் சுதாராணி, ஒன்றும் புரியாமல்.

ஆறுமுகத்தாய் கண்ணைத் திறந்து பூவனநாதன் பக்கம் திரும்பினாள்.

"வீட்டுக்குள்ள இவிய பேசணும்னுட்டா அண்ணாச்சி, அங்கன பெட்டிக்குள்ள எங்க எல்லாருகிட்டயும் இவிய பேசிக்கிட்டு இருந்தத நிப்பாட்டச் சொன்னிய?"